எதைப் பாராட்டுகிறோமோ அது பெருகும்

சம்பளத்துக்கு இல்லாமல் ஆசைக்குப் படம் எடுப்பவர்களுக்குக் கிடைக்கும் ஒரே கூலி, கூட இருக்கும் படக்காரர்கள் சொல்லும் வார்த்தை. கல்யாண வீட்டுப் புகைப்படக்காரருக்கு வாடிக்கையாளர் இருக்கிறார். பத்திரிகைப் புகைப்படக்காரருக்கு ஆசிரியர் இருக்கிறார். படம் சரியில்லை என்றால் ஒருவருக்குப் பணம் நிற்கும், இன்னொருவருக்குப் பக்கத்தில் இடம் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் வாசலில் முதுகுப்பையோடு நிற்கும் வங்கி ஊழியருக்கும், மறைமலை நகர்த் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து நேரே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தவருக்கும், செங்கல்பட்டில் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கும் ஆசிரியைக்கும் அப்படி யாரும் இல்லை. எடுத்ததை நாலு பேரிடம் காட்டுகிறார்கள். அந்த நாலு பேர் என்ன சொன்னார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அடுத்த வாரம் கேமராவைத் தூக்குகிறார்கள். டீக்கடை பெஞ்சில் ஒருவர் போனை நீட்டி, "இந்த வாரம் எடுத்தது, பாருங்க சார்" என்று காட்டும்போது நாம் சொல்லும் 'சூப்பர்' வெறும் மரியாதையோடு முடிவதில்லை. இதைப்போலவே இன்னும் பத்து எடுத்துக்கொண்டு வா என்ற உத்தரவாகவும் அது வேலை செய்கிறது. எதைப் பாராட்டுகிறோமோ அது பெருகும். ஆகவே ஒரு படத்தைப் பாராட்டுகிறவர், அதில் எதைப் பாராட்டுகிறார் என்று பெயர் சொல்லக் கடமைப்பட்டவர். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான். ஆனால் இதை ஏற்க மறுப்பவர்கள் நம் வட்டத்திலேயே நிறையப் பேர் இருப்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் சான்று மாமல்லபுரக் கரையிலேயே இருக்கிறது. கடற்கரைக் கோயிலின் பெரிய சந்நிதி கிழக்கே கடலைப் பார்த்தது. நாம் வளாகத்துக்குள் நுழைவது மேற்கிலிருந்து. விடியலில் சூரியன் கோயிலுக்குப் பின்னால் கிளம்புவதால், செக்கச் சிவந்த வானத்தின் முன்னே இரண்டு விமானங்களும் கறுப்பு உருவங்களாக நிற்கும் படம் ஏறக்குறையத் தானாகவே விழுந்துவிடுகிறது. அழகான படம்தான், முதல்முறை எடுப்பவர் மகிழ்ந்துபோவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ராஜசிம்மப் பல்லவன் காலத்தில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அந்தக் கட்டடத்தின் கல்லைப் பற்றி அந்தப் படத்தில் ஒரு சேதியும் கிடையாது. ஆயிரத்து முந்நூறு ஆண்டு உப்புக்காற்று அரித்து சிங்கங்களின் முகம் மழுங்கியிருப்பதும், மதில்மேல் வரிசையாகப் படுத்திருக்கும் நந்திகள் தேய்ந்து வெறும் திரட்சியாக மிஞ்சியிருப்பதும் அந்தக் கறுப்புக்குள் போய்விடுகின்றன. அதை எடுக்க வேண்டுமானால் வெயில் ஏறிய பிறகும் அங்கே இருக்க வேண்டும், அல்லது மாலையில் மேற்கு வெயில் கல்லின்மேல் சாயும்போது திரும்பி வர வேண்டும். பெரும்பாலோர் ஏழரை மணிக்கே பையை மூடிக்கொண்டு இட்லி சாப்பிடப் போய்விடுகிறார்கள். சோம்பல் இதற்குக் காரணமில்லை. சோம்பேறி நாலு மணிக்கு எழுந்து வரமாட்டான். விடியல் படத்துக்குப் பாராட்டு உறுதி. தேய்ந்த நந்திக்கு உறுதியில்லை. கணக்கு அவ்வளவுதான்.

அதே ஊரின் அர்ச்சுனன் தபசுப் பாறையிலும் இதே கதை. ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள அந்தப் புடைப்புச் சிற்பம் கிழக்கு நோக்கியது. ஏழு மணி வெயில் நேராக அதன் முகத்தில் அடிப்பதால் புடைப்பெல்லாம் தட்டையாகி, சுவரில் ஒட்டிய காகிதம்போலத் தெரியும். வெயில் ஏற ஏற, வெளிச்சம் மேலிருந்து கல்லை உரசிக்கொண்டு இறங்கும். அப்போதுதான் பெரிய யானையின் வயிற்றுக்கடியில் நிழல் கட்டும். பின்னங்காலில் நின்று தவம் செய்யும் பூனையும் அதைச் சுற்றிய எலிகளும் பாறையிலிருந்து பிரிந்து தெரியும். பின்னங்கால் குளம்பால் மூக்கைச் சொறியும் மான் உயிர்பெறும். நண்பகல் தாண்டினால் முகம் முழுக்க நிழல். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், பாறையைப் பார்த்து நிற்பவருக்கு இடக்கைப் பக்கமிருந்து காலை வெளிச்சம் சரிவாக வரும். ஆனியில் வலக்கைப் பக்கமிருந்து வரும். ஐந்து ரதங்களில் பெரும்பாலானவை மேற்கு பார்த்தவை என்பதால் அவற்றுக்குப் பிற்பகல்தான் சரி. இதையெல்லாம் கேமராவோடு வரும் கையேடு சொல்லித்தராது. படம் காட்டும் இடத்தில் ஒருவர் இன்னொருவரிடம், "இது எத்தனை மணிக்கு எடுத்தது? யானைக் காலுக்கடியில் நிழல் இவ்வளவு நல்லா விழுந்திருக்கே" என்று கேட்பதன் வழியாகத்தான் கைமாறுகிறது. அந்தக் கேள்வியே பாராட்டு. எடுத்தவருக்குத் தான் செய்தது என்ன என்று தெரிகிறது. சுற்றி இருப்பவர்களுக்கு அடுத்த முறை எப்போது போக வேண்டும் என்று தெரிகிறது. 'அருமை' என்ற ஒற்றைச் சொல்லால் இந்த இரண்டில் ஒன்றுகூட நடக்காது.

சக அமெச்சூர்களின் மதிப்பீடு ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குச் சென்னை மாகாணத்தின் புகைப்பட வரலாற்றிலேயே பழைய உதாரணம் உண்டு. லின்னேயஸ் டிரைப், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. இங்கிலாந்துக்கு விடுப்பில் போனபோது ஆசைக்காகப் புகைப்படம் கற்றவர். திரும்பி வந்து ஹளேபீடு, பேலூர்க் கோயில்களை எடுத்து, அந்தப் படங்களை 1855ல் சென்னைக் கண்காட்சியில் வைத்தார், பதக்கம் கிடைத்தது. 1856ல் மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். அதே ஆண்டில், சென்னையில் ஓவியப் பள்ளியைத் தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டரின் முயற்சியில் இங்கே புகைப்படச் சங்கமும் உருவானது. தொழில்முறையாளர் அல்லாதவர்கள் தாங்கள் அச்சிட்ட படங்களைக் கொண்டுவந்து காட்டிப் பேசும் பழக்கம் நம் ஊரில் அவ்வளவு பழையது. டிரைப் 1858ல் மதுரை, திருச்சி, தஞ்சாவூர் வட்டாரத்தை எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 21 அச்சுகளாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். வானத்தில் மேகம் இல்லாவிட்டால் நெகட்டிவ்மேல் மேகம் தீட்டத் தெரிந்த மனிதர் அவர். அழகு காட்டத் தெரியாமல் கல்வெட்டுக்குப் போகவில்லை. துல்லியத்தையும் தொடர்ச்சியையும் மதிக்கிற ஆட்கள் சுற்றி இருந்தார்கள், அதனால் துல்லியமும் தொடர்ச்சியும் அவரிடமிருந்து கிடைத்தன. கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன் காலத்தில், இது வீண் செலவு என்று 1860ல் அந்த வேலை நிறுத்தப்பட்டது. அதன்பின் டிரைப் பெரிதாக எதுவும் எடுக்கவில்லை. கேட்க ஆள் இருந்தவரைக்கும் எடுத்தார்.

பாராட்டு தப்பான திசையிலும் வேலை செய்யும். இதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான உதாரணம் ஜப்பானில் நடந்தது. டோமோன் கென் அங்கே பெரிய புகைப்படக் கலைஞர். 1950 முதல் 'கேமரா' என்ற மாத இதழில் வாசகர்கள் அனுப்பும் படங்களுக்கு நடுவராக இருந்தார். ஜோடனை இல்லாத, நேருக்கு நேர் நிஜத்தைச் சந்திக்கிற படங்கள் வேண்டும் என்பது அவர் கட்சி. போரில் நொறுங்கிய நாட்டில் அது தேவையான குரலும்கூட. அவர் எதைத் தேர்ந்தெடுக்கிறார், என்ன எழுதுகிறார் என்று நாடு முழுக்க அமெச்சூர்கள் மாதாமாதம் காத்திருந்தார்கள். விளைவு என்ன? தெருவில் படுத்திருப்பவர்கள், அநாதைப் பிள்ளைகள், கைகால் இழந்தவர்கள் என்று படங்கள் வந்து குவிந்தன. இது பிச்சைக்காரர்களை எடுக்கும் இயக்கமாகப் போய்விட்டது என்று விமர்சகர்கள் கேலி செய்தார்கள். டோமோன் கேட்டது நிஜத்தோடு ஒரு நேர்மையான உறவை. அவருக்கு வந்தது நிஜம்போலத் தெரியும் சில உருவங்களின் பட்டியல். பிற்பாடு அவரே ஹிரோஷிமாவையும், சிக்குஹோ நிலக்கரிப் பகுதிப் பிள்ளைகளையும் எடுத்து, தான் கேட்டது என்ன என்பதைச் செய்து காட்ட வேண்டியிருந்தது. நடுவர் மேதையாக இருந்தும் இதுதான் கதி. பாராட்டப்பட்ட படத்தின் குணத்தை விட்டுவிட்டு அதன் உருவத்தை மட்டும் நகலெடுப்பது சுலபம். பெயர் சொல்லாத பாராட்டு அதற்குத்தான் வழி திறக்கிறது.

கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் உள்ள மீனவக் குப்பங்களில் இன்று எடுக்கப்படும் படங்களை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சுருக்கம் விழுந்த கிழவரின் முகம், கறுப்பு வெள்ளையில், கான்ட்ராஸ்டை ஏற்றி. விடியலில் வலை வீசும் ஒருவர், வலை வட்டமாக விரிந்திருக்கும் நொடியில். ஃபைபர் படகின் மூக்கில் உட்கார்ந்த குழந்தை. இவை மூன்றும் எங்கே காட்டினாலும் கைதட்டு வாங்கும். கைதட்டு வாங்குவதால், வலை வீசுவதற்கென்றே பணம் கொடுத்து ஆளை நிறுத்தி, பத்துப் பேர் சுற்றி நின்று எடுப்பதும் நடக்கிறது. உழைத்த நேரத்துக்குக் கூலி வாங்குபவர்மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அந்தப் படத்தில் மீன்பிடித் தொழில் இல்லை. தேவனேரியிலும் கொக்கிலமேட்டிலும் தொழில் நடப்பது வேறு விதமாக: படகை டிராக்டர் வைத்துக் கரையேற்றுவது, வலையிலிருந்து நண்டைக் காலொடியாமல் பிரித்தெடுப்பது, மணலிலேயே நடக்கும் ஏலம், கூடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடும் பெண்கள். இவற்றில் ஒன்றை எடுத்துவந்தவருக்கு 'கம்போசிஷன் கொஞ்சம் கலைஞ்சிருக்கு' என்ற வார்த்தை மட்டும் கிடைத்தால், அவர் அடுத்த வாரம் கிழவரின் முகத்துக்கே திரும்பிவிடுவார். "ஏலம் கூறுகிறவர் கையையும் வாங்குகிறவர் கண்ணையும் ஒரே ஃப்ரேமில் பிடிச்சிருக்கீங்க" என்று ஒருவர் சொன்னால் போதும், அவர் ஏலத்துக்கே திரும்பப் போவார். கூடவே "படத்துல இருக்கறவங்க பேர் என்ன? படத்தை அவங்ககிட்டக் காட்டினீங்களா?" என்று கேட்கிற வழக்கமும் நம் வட்டத்தில் வர வேண்டும். அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தால், அனுமதி கேட்காமல் டெலி லென்ஸால் தூரத்திலிருந்து முகத்தைப் பறிக்கும் பழக்கம் தானாகக் குறையும்.

பறவை எடுப்பவர்கள் விஷயத்தில் பாராட்டு ஒரு உயிரையே தொடுகிறது. வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தில் நாம் ஏரிக்கரையிலிருந்தும் கண்காணிப்புக் கோபுரத்திலிருந்தும் எடுக்கிறோம். நீருக்குள் நிற்கும் மரங்களில் கூடுகள் தள்ளி இருக்கின்றன. நாம் அங்கே தொந்தரவு செய்ய வழியில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டுப் பாதுகாப்பு வாங்கிய ஏரி அது. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பக்கத்துக் கரிக்கிலியோடு சேர்ந்து 2022ல் ராம்சர் ஈரநிலத் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. சிக்கல் இருப்பது சரணாலயத்துக்கு வெளியே. புதர்க்காட்டில் கூடு கட்டிய சிறு பறவையின் முன்னால் மறைக்கும் கிளையை ஒடித்துவிட்டால் படம் துல்லியமாக வரும். ஒடித்த கிளை வழியே காகமும் வல்லூறும் பார்க்கும். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டால் பறவை ஓடி வரும். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதென்று பதறித்தான் வரும். இந்தக் கரையில் தை முதல் பங்குனி வரை முட்டையிட ஏறும் பங்குனி ஆமையின் குஞ்சுகளுக்குச் செயற்கை வெளிச்சம் திசையைக் குழப்பிவிடும். ஃபிளாஷ் போட்டு எடுப்பவர் அதைத்தான் செய்கிறார். இவற்றுக்கெல்லாம் சட்டமும் அறிவிப்புப் பலகையும் உண்டு. ஆனால் காட்டில் தனியாக நிற்பவரைப் பலகை தடுப்பதில்லை. கூட்டுப் படத்துக்கு ஒருவரும் கை தட்டாத வட்டத்தில் யாரும் கூட்டைத் தேடிப் போவதில்லை. இயற்கைப் படப் போட்டிகள் பலவும் கூட்டுப் படங்களை ஏற்பதில்லை என்று முடிவெடுத்ததன் நியாயமும் இதுதான்.

அப்படியென்றால் ஒரு படத்தை எப்படிப் பாராட்ட வேண்டும்? வேடந்தாங்கலில் மார்கழியில் எல்லாரும் கரையிலிருந்தே எடுக்கும் படத்தையே எடுத்துக்கொள்வோம்: நத்தைகுத்தி நாரை, வாயில் குச்சியோடு, சிறகு விரித்துக் கூட்டுக்கு இறங்குகிறது. 'செம ஷாட்' என்பது ஒரு பதில். கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. சிறகின் வெள்ளையில் இறகிறகாக விவரம் நிற்கிறது. வெயிலில் வெள்ளைப் பறவையை எடுக்கும்போது எக்ஸ்போஷரைக் குறைத்து வைத்தால்தான் இது வரும், இல்லாவிட்டால் வெள்ளை எரிந்து போயிருக்கும். அலகின் நடுவே உள்ள இடைவெளி பின்னணியில் கலக்காமல் தெரிகிறது. அந்த இடைவெளி வளர்ந்த பறவைக்குத்தான் உண்டு, குஞ்சுக்குக் கிடையாது. ஆகவே அது ஒரு அடையாளமும்கூட. குச்சியின் நுனி ஃப்ரேமின் ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. பறவை போகும் திசையில் இன்னும் இடம் விட்டிருந்தால் குச்சியும் தப்பியிருக்கும், இறங்கும் வேகமும் தெரிந்திருக்கும். கடைசியாக ஒரு கேள்வி: குச்சி எங்கிருந்து வந்தது? அதைப் பொறுக்கும் இடத்தில் எடுத்த படம் இருக்கிறதா? இந்த நாலு குறிப்புகளைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது. முதல் இரண்டும் எடுத்தவர் செய்ததை அவருக்கே காட்டுகின்றன. மூன்றாவது, சரிசெய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறது. நான்காவது, அவரை அடுத்த படத்துக்கு அனுப்புகிறது. அமெரிக்க நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் வகுத்த விமரிசன முறையும் ஏறக்குறைய இதே வரிசைதான்: முதலில் பார்த்தவர்கள் தங்களைத் தொட்டதைச் சொல்வார்கள், பிறகு படைத்தவர் கேள்வி கேட்பார், பிறகு பார்த்தவர்கள் சாய்வில்லாத கேள்விகள் கேட்பார்கள், அபிப்பிராயம் கடைசியில்தான், அதுவும் அவர் அனுமதித்தால். நடனத்தில் பிறந்த முறை, படத்துக்கும் அப்படியே பொருந்துகிறது.

காட்டும் இடமும் இதில் சேர்த்தி. கையகலப் போன் திரையில், வெயிலில், விரலால் தள்ளிக்கொண்டே பார்க்கும்போது ஜெயிப்பது எப்போதும் கறுப்பு உருவமும் சிவப்பு வானமும்தான். அர்ச்சுனன் தபசின் சாம்பல் நிறச் சாயல்கள் அந்தத் திரையில் செத்துவிடும். அதே படத்தை எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலத்தில், பளபளப்பில்லாத தாளில் அச்சிட்டு மேஜைமேல் வைத்தால் நிலைமை தலைகீழ்: சாயல்கள் பேச ஆரம்பிக்கும், வானத்தில் கூட்டிய நிறம் அம்பலமாகும். 1857ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லும் போட்டோகிராஃபிக் சொசைட்டி ஆஃப் மெட்ராஸ் முதல், வார இறுதிகளில் கூடி நடந்து எடுக்கும் சென்னை வீக்கெண்ட் கிளிக்கர்ஸ் வரை, நம் பக்கத்து வட்டங்கள் பலவும் ஒன்றாகக் கூடி எடுப்பதையோ கூடிப் பார்ப்பதையோ மையமாக வைத்திருப்பது தற்செயல் இல்லை. கூடிப் பார்க்கும்போது வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால்தான் சொல் வரும். எல்லாப் படத்தையும் அச்சிட வேண்டாம். மாதத்துக்கு ஒருவர் ஒரே ஒரு படம் அச்சிட்டுக் கொண்டுவந்தால் போதும்.

இனி மறுப்புகள். முதலாவது, அடிக்கடி கேட்பது: புதிதாக வருகிறவரிடம் குறை சொன்னால் ஓடிவிடுவார், முதலில் நாலு நல்ல வார்த்தை சொல்லி நிறுத்திவைக்க வேண்டும். இதில் பாதி உண்மை. புதியவரிடம் பத்துக் குறைகளை அடுக்குவது கொடுமைதான். ஹரைசன் சாய்ந்திருக்கிறது, ஃபோகஸ் தப்பியிருக்கிறது என்று பட்டியல் போடுபவர், பெரும்பாலும் தனக்குத் தெரிந்ததைக் காட்டத்தான் போடுகிறார். ஆனால் நான் கேட்பது குறை அல்லவே. எந்தப் புதியவர் படத்திலும் பெயர் சொல்லிப் பாராட்ட ஒன்றாவது இருக்கும்: நின்ற இடம், காத்திருந்த நேரம், மற்றவர்கள் எல்லாரும் கோயிலை எடுக்கும்போது கோயிலைப் பார்க்கும் பாட்டியை எடுத்த புத்தி. அதைக் கண்டுபிடிப்பது பார்க்கிறவர் வேலை. புதியவர்கள் விலகிப்போவது பெரும்பாலும் வேறு காரணத்துக்காக. எல்லாருக்கும் கிடைக்கும் அதே 'சூப்பர்' தனக்கும் கிடைப்பதைப் பார்த்து, தன் படத்தை யாரும் பார்க்கவே இல்லை என்று அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த காட்டுயிர்ப் படக் கலைஞர் டி.என்.ஏ. பெருமாள், ஓ.சி. எட்வர்ட்ஸிடம் கற்றவர், 2017ல் மறையும்வரை தனக்குப் பின்வந்த பலருக்கு ஆசானாக இருந்தார். ஒருவர் இன்னொருவர் படத்தின்முன் உட்கார்ந்து நேரம் செலவழித்தால்தான் அப்படிப்பட்ட சங்கிலி உருவாகும்.

இரண்டாவது மறுப்பு: இது பொழுதுபோக்கு, வாரம் முழுக்க ஆபீசில் திட்டு வாங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை சந்தோஷமாக நாலு படம் எடுக்கிறோம், இங்கேயும் பரீட்சையா? சந்தோஷத்துக்கு நான் எதிரி இல்லை. ஆனால் பொழுதுபோக்கில் சந்தோஷம் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க வேண்டும். நேற்று தெரியாத ஒன்று இன்று கைக்கு வந்துவிட்டது என்பதில்தான் வருகிறது. ஒரே கோயில், ஒரே வானம், ஒரே 'சூப்பர்' என்று மூன்று மழைக்காலம் போனால், கேமரா பீரோவில் ஏறிவிடும். லென்ஸில் பூஞ்சை பூக்கும். கடலோர ஈரக்காற்றில் அதற்கு அதிக நாள் ஆகாது. நம் வட்டாரத்தில் செகண்ட்ஹேண்டில் விற்பனைக்கு வரும் நல்ல கேமராக்களில் எத்தனை, கஷ்டத்தால் வருகின்றன, எத்தனை சலிப்பால் வருகின்றன என்பதை வாங்கி விற்கும் கடைக்காரரைக் கேட்டால் தெரியும். பரீட்சை வைக்கச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொல்லுங்கள் என்கிறேன். அதுவே ஒருவரை இன்னும் ஐந்து வருஷம் எடுக்க வைக்கும்.

மூன்றாவது மறுப்பு கொஞ்சம் வலுவானது: ரசனை ஆளுக்கு ஆள் வேறு, நான் நந்தியைப் பாராட்டச் சொல்வது என் ரசனையை மற்றவர்மேல் திணிப்பது ஆகாதா? டோமோன் கதையே அதற்கு எச்சரிக்கை அல்லவா? ஆமாம், எச்சரிக்கைதான். அதனால்தான் பாராட்டு தீர்ப்பாக இருக்கக் கூடாது, விவரணையாக இருக்க வேண்டும் என்கிறேன். 'இது முதல்தரப் படம்' என்றால் அது என் தீர்ப்பு. கேட்பவர் பணியலாம் அல்லது கோபப்படலாம், வேறு வழியில்லை. 'சிறகின் வெள்ளையில் விவரம் நிற்கிறது' என்றால் அவரும் குனிந்து பார்த்துச் சரிபார்க்கலாம், மறுக்கலாம். வட்டத்தில் ஒரே ஒரு மேதாவி இல்லாமல் ஐந்து பேர் ஐந்து விதமான விஷயங்களைப் பெயர் சொன்னால் திணிப்பு தானாக உடைந்துவிடும். போட்டிகளும், சலோன் எனப்படும் நடுவர் தேர்வுக் கண்காட்சிகளும்தான் இருக்கின்றனவே, அவை சீர்தூக்கிப் பார்க்காதா என்று சிலர் கேட்கலாம். சலோனில் மூன்று நடுவர்கள் சில நொடிகளில் எண் போடுகிறார்கள். படம் ஏற்கப்பட்டது அல்லது ஏற்கப்படவில்லை என்ற சேதிதான் திரும்பி வரும். ஏன் என்பது வராது. ஏற்பு எண்ணிக்கை பட்டம் வாங்க உதவும். அடுத்த படம் எடுக்க அது போதாது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பாராட்டு பெருக்கும் என்பது உண்மையானால், யாருடைய படத்தைப் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். இந்தக் கரையின் படங்களைப் பெரும்பாலும் எடுப்பது வெளியிலிருந்து வண்டியில் வரும் நாம். குப்பத்துப் பிள்ளைகளும், சிற்பக் கூடங்களில் கல்தூசிக்கு நடுவே உளி பிடிக்கும் இளைஞர்களும் நம் படங்களில் இருக்கிறார்கள். படம் காட்டும் வட்டத்தில் இல்லை. இது மாற முடியும் என்பதற்குப் புகைப்படக் கலைஞர் எம். பழனி குமார் உதாரணம். மதுரையில் மீன் விற்ற தாயின் மகன். தூய்மைப் பணியாளர்களின் வாழ்வையும் சாவையும் ஆவணப்படுத்தியவர். 2022ல் தயாநிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது பெற்றவர். உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் புகைப்படம் சொல்லித்தரும் வேலையையும் செய்கிறார். தாய் கூடையை இறக்கும் நேரம் எது என்று குப்பத்துப் பிள்ளைக்குத் தெரிந்த அளவுக்கு எந்த டெலி லென்ஸுக்கும் தெரியாது. இன்று அந்தப் பிள்ளைகள் கையில் போன் கேமரா இருக்கிறது. இல்லாதது, அவர்கள் எடுத்த படத்தின்முன் நின்று ஒரு நிமிஷம் பேசும் ஆள். நம் வட்டங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம் அதுதான். அதற்குப் பணம் தேவையில்லை.

ஆகவே படம் எடுக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒருவர் தன் படத்தை நீட்டும்போது வாயில் வரும் முதல் சொல்லைக் கொஞ்சம் அடக்குங்கள். படத்தை இன்னொரு முறை பாருங்கள். அதில் அவர் செய்த ஒன்றைப் பெயர் சொல்லுங்கள். அவருக்கு உதவும் என்றால் சரிசெய்யக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள். தெரிந்துகொள்ள ஆசைப்படும் ஒன்றைக் கேளுங்கள். பறவையையோ ஆமையையோ மனிதரையோ துன்புறுத்தி எடுத்த படம் என்றால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் பாராட்டாதீர்கள். ஏன் என்பதை அவரிடம் தனியாகச் சொல்லுங்கள். இவ்வளவையும் செய்துவிட்டு 'சூப்பர்' என்றும் சொல்லிக்கொள்ளுங்கள், தப்பில்லை.